மீசையை எண்ணிப் பிரித்த கெண்டைகள்

கெண்டை என்று நாம் பொதுவாகச் சொல்லும் மீன்களில் மிகச் சிறியவை சில உண்டு. வயல் வாய்க்காலிலும் குளத்தின் ஓரத்திலும் ஓடை மடுவிலும் கூட்டமாகத் திரிபவை. பல வகைகள் விரல் நீளத்துக்கு மேல் வளர்வதில்லை. உண்பவருக்கு இவை முள் நிறைந்த பொடிமீன். வண்ணமீன் வளர்ப்பவருக்கோ இவைதான் செல்வம். வண்ணமீன் கடையில் இன்று விற்கும் மூன்று மீன்களை எடுத்துக்கொள்வோம்: இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்த கறுப்பு ரூபி, கேரளத்து ஆறுகளின் சிவப்புக் கோட்டு டெனிசன், ஆண்மீனின் முதுகுத் துடுப்பில் இழைகள் நீண்டு தொங்கும் ஃபிலமென்ட் பார்ப். 2012 தொடங்கியபோது மூன்றும் பன்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2013 முடிவதற்குள் முதலாவது பெத்தியா ஆயிற்று, இரண்டாவது சஹ்யாத்ரியா ஆயிற்று, மூன்றாவது டாக்கின்சியா ஆயிற்று. மீன்கள் மாறவில்லை, பெயர்கள் மட்டும் மாறின. இது வகைப்பாட்டாளர்கள் பொழுதுபோகாமல் செய்த வேலை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் இங்கே வாதிடப்போவது அதற்கு நேர்மாறாக. உறவைக் காட்டும் அடையாளம் எது, பிழைப்பு முறையை மட்டும் காட்டும் அடையாளம் எது என்று பிரித்துப் பார்க்காமல், கண்ணில் பட்ட ஒற்றை அடையாளத்தை நம்பியதால் இந்த மீன்களின் பெயர்கள் நூறாண்டுக்கு மேல் குழம்பிக் கிடந்தன. இப்போது நடப்பது அந்தச் சிக்கலைப் பிரிக்கும் வேலை.

முதலில் கெண்டை என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். நம் ஊர்ச் சந்தைக் கூடையில் விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை நான்கும் கிடக்கின்றன என்று வையுங்கள். தோற்றத்தை மட்டும் வைத்து உறவு சொல்லச் சொன்னால், செதில் இருப்பதால் விராலையும் கெண்டையையும் ஒருபக்கம் வைப்போம். வழுவழுப்பான, மீசையுள்ள கெளுத்தியையும் அயிரையையும் மறுபக்கம் வைப்போம். இரண்டும் தவறு. உறவைச் சொல்லும் சாட்சி தலைக்குப் பின்னால், முதுகெலும்பின் தொடக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கெண்டையின் முதல் நான்கு முள்ளெலும்புகளின் சில பகுதிகள் உருமாறி, இருபக்கமும் நான்கு நான்கு சிற்றெலும்புகளின் சங்கிலியாகியுள்ளன. இந்தச் சங்கிலி காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கிறது. நீரில் வரும் ஒலி காற்றுப்பையை அதிரச் செய்ய, அந்த அதிர்வு சிற்றெலும்புகள் வழியே செவிக்குப் போகிறது. ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் 1820-இல் இந்த அமைப்பை விவரித்தார். அவர் பெயராலேயே வெபர் எலும்புகள் என்கிறோம். கெளுத்திக்கும் இவை உண்டு, அயிரைக்கும் உண்டு, விராலுக்குக் கிடையாது. இவ்வளவு சிக்கலான ஒரு கருவி ஒரே வடிவில் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கும் என்று நம்புவது கடினம். ஆகவே கெண்டைக்கு விராலைவிடக் கெளுத்தி நெருங்கிய சொந்தம். அயிரையோ கெண்டையின் வரிசைக்குள்ளேயே அடங்குவது. மதுரைக்காரர்கள் குழம்பு வைக்கும் அந்தச் சின்ன மீனில் காற்றுப்பையின் முன்னறை எலும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. பார்வைக்கு வேறாகத் தெரிந்தாலும் அடிப்படை அமைப்பு அதேதான்.

கெண்டை வரிசையைக் கெளுத்தியிடமிருந்து பிரிக்கும் அடையாளங்கள் வாயில் இருக்கின்றன. கெண்டையின் தாடையைத் தடவிப் பார்த்தால் ஒரு பல்லும் தட்டுப்படாது. பற்கள் தொண்டையில் உள்ளன. செவுள் மூடியைத் தூக்கி, செவுள்களை ஒதுக்கி, கடைசி வளைவுக்குப் பின்னால் கத்தரிக்கோல் முனையை விட்டால் பிறை வடிவ எலும்பு ஒன்று கிடைக்கும், இருபக்கமும் ஒவ்வொன்று. சதையைச் சுரண்டி நீக்கினால் அதன் உட்புறத்தில் பற்கள் வரிசையாக நிற்பது தெரியும். நாம் பேசிக்கொண்டிருக்கும் சிறுகெண்டைகளில் மூன்று வரிசை: உள்வரிசையில் ஐந்து, நடுவில் மூன்று, வெளியே இரண்டு. இந்தப் பற்கள் ஒன்றோடொன்று மோதி மட்டும் அரைப்பதில்லை. மண்டையோட்டின் அடியில் பதிந்த கொம்புபோன்ற தடித்த அட்டை ஒன்றின்மீதும் இரையை வைத்து நசுக்குகின்றன. சாதாக் கெண்டையில் அவை நம் கடைவாய்ப் பல் போலத் தட்டையானவை, நத்தை ஓட்டை உடைக்க. புல் கெண்டையில் சீப்புப் பல் போலக் கீறல் விழுந்தவை, இலையைக் கிழிக்க. மிதவை உயிரியை வடித்து உண்ணும் வெள்ளிக் கெண்டையில் ஒரே வரிசைதான். இவற்றுக்கு இரைப்பை என்று தனி உறுப்பு கிடையாது. தொண்டையில் அரைத்தது நேரே குடலுக்குப் போகிறது. மேல்தாடையை முன்னுக்குத் தள்ளி உறிஞ்சுவதற்கு மூக்குப் பகுதியில் ஊசலாடும் தனி எலும்பு ஒன்று இருக்கிறது. வேறெந்த மீன்வரிசையிலும் இல்லாத எலும்பு அது. உயிரோடு உள்ள கெண்டை இரையைப் பற்றும் கணத்தில் அதன் வாய் ஒரு குழாயாக நீண்டு சுருங்குவதைத் தொட்டியில் யாரும் பார்க்கலாம். அந்த எலும்பு சுழல்வதால்தான் அது நடக்கிறது.

இவ்வளவு தெளிவான அடையாளங்களால் வரிசையின் எல்லை வகுக்கப்பட்டிருக்க, உள்ளே போனதும் தெளிவு கலைந்துவிடுகிறது. இந்த வரிசையில் 4,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. லின்னேயஸ் 1758-இல் இவற்றில் தாம் அறிந்தவற்றில் பெரும்பாலானவற்றைச் சிப்ரினஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். ஐரோப்பாவில் உள்ள சொற்ப வகைகளுக்கு அது போதும். இந்தியாவுக்கு வந்ததும் அந்தப் பேரினம் வீங்கிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஃபிரான்சிஸ் புக்கானன், பிற்காலத்தில் ஹாமில்டன், கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலை 1822-இல் எடின்பரோவில் வெளியிட்டார். அதில் சிப்ரினஸை உட்பிரிவுகளாகப் பிரித்து, சிறுகெண்டைகளுக்குப் பன்டியஸ் என்று பெயரிட்டார்; வங்காளிகள் அந்த மீன்களை அழைக்கும் பெயரையே லத்தீன் வடிவில் ஏற்றார். ஆய்வகங்களில் இன்று கோடிக்கணக்கில் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீனான டானியோ ரெரியோவும் அதே நூலில்தான் முதலில் பெயர்பெற்றது. ஹாமில்டனின் பணியில் இரண்டு குறைகள். அவர் விவரித்த மீன்களின் மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கவில்லை; அவருக்காக வங்காள ஓவியர்கள் வரைந்த படங்களில் பெரும்பாலானவற்றை, அவர் இந்தியாவை விட்டுப் போனபோது அரசு கல்கத்தாவிலேயே வைத்துக்கொண்டது. எந்த மீனுக்கு எந்தப் பெயர் என்ற வழக்குகள் பலவும் இந்த இரண்டு இழப்புகளிலிருந்து பிறந்தவை.

ஹாமில்டனுக்குப் பின் வந்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். கெண்டைகளின் வாயருகே மீசைகள் இருக்கும்: மூக்கு நுனியருகே ஓர் இணை, வாய்க்கோடியில் ஓர் இணை. சிலவற்றுக்கு நான்கும் உண்டு, சிலவற்றுக்கு வாய்க்கோடி இணை மட்டும், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. பதேவியாவில் இருந்த டச்சு மருத்துவர் பீட்டர் பிளேக்கர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதையே அளவுகோலாக்கினார். நான்கு மீசை பார்போடெஸ், இரண்டு மீசை கபோயிட்டா, மீசையில்லாதது பன்டியஸ். சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்து இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளரான ஃபிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளிவந்த தம் பெருநூலில் எல்லாவற்றையும் பார்பஸ் என்ற ஐரோப்பியப் பேரினத்தின்கீழ் கொண்டுவந்து, அதனுள் இதே மூன்று பிரிவுகளை வைத்தார். அந்த நூலின் படங்களும் அளவுகளும் இன்றைக்கும் பயன்படுகின்றன. டேயின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. பிளேக்கர், டே போன்றவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் சாராயத்தில் ஊறி நிறம்போன மீன்கள். நிறம் போனாலும் மீசை போகாது. எண்ணுவதற்கு நுண்ணோக்கியோ கத்தியோ வேண்டாம். இரண்டு பேர் எண்ணினால் ஒரே விடை வரும். அறிவியலில் ஓர் அடையாளம் செல்லுபடியாக இவையெல்லாம் நல்ல தகுதிகள்தான். எளிதில் எண்ண முடிவதும், எண்ணியவர்களுக்குள் மாறுபடாமல் இருப்பதும் மட்டும் உறவுக்குச் சான்றாகிவிடாது. சிக்கல் அங்கேதான்.

மீசை என்பது என்ன? சுவைமொட்டுகள் பதிந்த தோல்நீட்சி. கலங்கிய நீரிலும் சேற்றுத் தரையிலும் கண் உதவாத இடத்தில் இரையைத் தடவிச் சுவைத்து அறிவதற்கான கருவி. கெளுத்திக்கு அது இருக்கிறது. கடலில் மணலைக் கிளறி மேயும் நவரைக்குத் தாடையின்கீழ் இரண்டு இருக்கின்றன; நவரைக்கும் கெண்டைக்கும் நெருங்கிய தொடர்பு எதுவும் கிடையாது. அடித்தரையில் மேய்பவற்றுக்கு மீசை வளர்வதும், நடுநீரில் கண்ணால் பார்த்துப் பிடிப்பவற்றுக்கு அது குன்றிப்போவதும் பல குலங்களில் தனித்தனியே நடந்திருக்கிறது. இப்படி எளிதில் வந்துபோகும் உறுப்பை வைத்துக் குலம் பிரிப்பது, ஓர் ஊரில் மீசை வைத்தவர்களை எல்லாம் ஒரு குடும்பம், மழித்தவர்களை எல்லாம் இன்னொரு குடும்பம் என்று எழுதிவைப்பதற்குச் சமம். பன்டியஸ் பேரினத்தின் மாதிரி இனமான சொஃபோருக்கு மீசை இல்லை. அதற்கு நெருங்கிய உறவான சோலாவுக்கு வாய்க்கோடியில் ஓர் இணை உண்டு. மீசைக் கணக்கு இந்த இரண்டையும் வெவ்வேறு பிரிவில் போட்டது. டாக்கின்சியா பேரினத்துக்குள்ளேயே வாய்க்கோடி மீசை உள்ள இனமும் உண்டு, வளர்ந்த மீனில் அது இல்லாத இனமும் உண்டு.

நெருங்கியவற்றைப் பிரித்தது ஒரு பிழை. தூரத்தவற்றைச் சேர்த்தது அதைவிடப் பெரிய பிழை. டேயின் நான்கு மீசைப் பெட்டியைத் திறந்தால், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் விரல் நீளத்துக்கு வளரும் கறுப்புப் பட்டைச் சிறுகெண்டையும், காவிரியில் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மஹசீரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இரண்டுக்கும் நான்கு மீசை என்பது உண்மை. உயிரணுவுக்குள் பார்த்தால் கதை வேறு. மஹசீரின் குரோமோசோம்கள் 100. ஐரோப்பியப் பார்பஸுக்கும் 100, சாதாக் கெண்டைக்கும் 100. நம் சிறுகெண்டைகளுக்குப் பெரும்பாலும் 50. மஹசீர்களின் முன்னோரில் முழு மரபணுத்தொகுதியும் இரட்டித்திருக்கிறது. சிறுகெண்டைகளின் வழியில் அது நடக்கவில்லை. மீசை முளைப்பதும் உதிர்வதும் போல அடிக்கடி நடக்கும் நிகழ்ச்சியல்ல இது. ஐரோப்பிய மீனுக்கு வைத்த பார்பஸ் என்ற பெயரை இந்தியச் சிறுகெண்டைகளுக்கு நீட்டியதே அடித்தளத்தில் விழுந்த விரிசல். பிரிட்டிஷ் மீனியலாளர் கார்டன் ஹவ்ஸ் 1987-இல் பார்பஸின் எல்லையைச் சுருக்கியபோது, இந்தியச் சிறுகெண்டைகளுக்குப் பன்டியஸ் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் குவிந்துவிட்டன. வேறெங்கும் இடமில்லாத சிறுகெண்டைகளின் கிடங்காயிற்று அது.

அந்தக் கிடங்கை ஒழுங்குபடுத்தியது இலங்கையின் ரோஹன் பெத்தியகொட, மாதவ மீகஸ்கும்புர, கலன மதுவகே மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் இரண்டு வகைச் சான்றுகளைத் தேடினார்கள். ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள இரண்டு மரபணுக்களின் வரிசை. மற்றது எலும்பு. எலும்பைப் பார்ப்பதற்கு மீனை அறுக்க வேண்டியதில்லை. சதையை நொதியாலும் காரத்தாலும் கண்ணாடிபோலத் தெளியவைத்து, எலும்புக்கு அலிசரின் சிவப்பும் குருத்தெலும்புக்கு அல்சியன் நீலமும் ஏற்றினால், கிளிசரினில் மிதக்கும் ஒரு செந்நிற எலும்புக்கூடு கிடைக்கும். இருந்த இடம் மாறாமல் ஒவ்வொரு எலும்பும் தெரியும். அப்படிப் பார்த்ததில் பெத்தியாக்களின் கன்னத்தில் ஒரு தனி அடையாளம் புலப்பட்டது. கண்ணைச் சுற்றிக் கீழே வரிசையாகச் சிறு எலும்புத் தகடுகள் உண்டு. அவற்றில் மூன்றாவது தகடு பன்டியஸில் மெல்லிய பட்டையாக இருக்கும். பெத்தியாவில் அது அகன்று கீழிறங்கி, செவுள் மூடியின் முன்னெலும்பை ஓரளவு மூடியிருக்கும். மற்றோர் அடையாளம் முதுகுத் துடுப்பில். துடுப்பின் முன்னால் கிளைவிடாத கதிர்கள் சில நிற்கும். அவற்றில் கடைசியானதன் பின்விளிம்பைக் கவனிக்க வேண்டும். பன்டியஸிலும் டாக்கின்சியாவிலும் அது வழுவழுப்பானது. பெத்தியாவிலும், அதே ஆய்வு பிரித்துக்காட்டிய சிஸ்டோமஸ் பேரினத்திலும் அது விறைத்து, பின்விளிம்பில் அரம்போலப் பற்கள் கொண்டிருக்கும். விரல் நகத்தை அதன்மேல் இழுத்தாலே தடுக்கும்.

இங்கே கூர்மையானவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். மீசையை நம்பியது தவறென்றால் அரத்தை நம்புவது மட்டும் எப்படிச் சரி? அரமுள்ள முதுகுக் கதிர் சாதாக் கெண்டைக்கும் இருக்கிறது, வரிப்புலிபோல் பட்டையுள்ள தென்கிழக்காசிய டைகர் பார்புக்கும் இருக்கிறதே? கேள்வி நியாயமானது. அரத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் பெத்தியாவையும் சிஸ்டோமஸையும் ஒன்றாக்கி விடுவோம். இன்னொரு மீசைப் பிழை செய்தவர்களாவோம். பெத்தியாவுக்கு அடையாளம் அரம் மட்டுமல்ல. அரம், அகன்ற கன்னத் தகடு, மூக்கு மீசை இல்லாமை, வாய்க்கோடி மீசை இல்லாமை அல்லது இருந்தாலும் மிகச் சிறியதாயிருத்தல், வாலடியில் கறுப்புப் புள்ளி, இவை சேர்ந்து வருவதே அடையாளம். சிஸ்டோமஸில் அரத்தோடு நான்கு மீசையும் வருகிறது. ஆக, மீசை சாட்சிக் கூண்டிலிருந்து விரட்டப்படவில்லை. ஒரே சாட்சி என்ற தகுதியைத்தான் இழந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வேலைகளைச் செய்யும் உறுப்புகள், கன்னத்துத் தகடும் துடுப்புக் கதிரும் தோல் நிறமும், ஒரே தொகுதி மீன்களில் சேர்ந்து மாறினால் அதற்குப் பிழைப்பு முறையைக் காரணம் காட்ட முடியாது. பொது முன்னோர் என்ற விளக்கம்தான் எஞ்சும்.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய நூலார் அதை ஏறத்தாழப் புறக்கணித்தார்கள். டாக்கின்சியாவின் வளர்ந்த மீன்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஃபிலமென்டோசாவுக்கு வால்பக்கம் ஒரு நீண்ட கறுப்புத் திட்டு. காவிரியின் அருலியஸுக்கு உடலில் மூன்று திட்டு. தாமிரபரணிக்கே உரிய தம்ப்ரபர்ணியை ஈ. ஜி. சைலஸ் 1954-இல் அருலியஸின் துணையினமாகத்தான் விவரித்தார்; இன்று அது தனிச் சிற்றினம். ஆனால் இவற்றின் குஞ்சுகளைப் பாருங்கள். உடலின் குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள். வளர வளர ஒவ்வோர் இனமும் தன் வழியில் அந்தப் பட்டைகளை அழித்தோ திரித்தோ கொள்கிறது. வளர்ந்த உருவத்தில் மறைந்த உறவு குஞ்சின் உடலில் எழுதியிருக்கிறது. சாராயப் புட்டியில் வெளுத்த பெரிய மீன்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சான்று கிடைக்க வழியே இல்லை.

இனி எதிர்வாதங்களில் வலுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன். பேரினம் என்பது இயற்கையில் இல்லை, மனிதன் போட்ட கோடு. அப்படியிருக்க, ஒரே பெரிய பன்டியஸாக விட்டுவைத்தால் என்ன குறை என்கிறார்கள். கோடு மனிதன் போட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த உயரத்தில் போடுவது என்பதில் சுதந்திரம் உண்டு. எதை வெட்டிக்கொண்டு போடுவது என்பதில் இல்லை. ஒரு பேரினம் என்றால் ஒரு முன்னோரும் அதன் வழிவந்தவை அனைத்தும் என்றிருக்க வேண்டும். சிலவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்க்கக் கூடாது. பழைய பன்டியஸை அப்படியே ஒரு முழுக் கிளையாக்க விரும்பினால், இடையிடையே வந்து அமரும் ஓஸ்டியோபிராமா போன்ற தட்டையான ஆற்றுக் கெண்டைகளையும், மீன்பிடித்துண்ணும் தென்கிழக்காசிய ஹம்பாலாவையும் பன்டியஸ் என்றே அழைக்க வேண்டிவரும். அதே பெருங்கிளையில்தான் ஆப்பிரிக்கச் சிறுகெண்டைகளும், காங்கோ குகைகளில் கண்ணில்லாமல் வாழும் சீகோபார்பஸும் இருக்கின்றன. எல்லை அங்கே வரை நீளக்கூடும். அப்படி ஒரு பேரினத்தை ஏற்படுத்தலாம், விதி தடுக்காது. ஆனால் அதற்கு ஓர் அடையாளமும் சொல்ல முடியாது. எதைப் பற்றியும் எதையும் சொல்லாத பெயராகிவிடும்.

அடுத்தது, பெயர் நிலையாக இருக்க வேண்டும் என்ற வாதம். மாணவர், மீன்வளத் துறையினர், ஏற்றுமதிக்காரர் எல்லோரும் இடர்ப்படுகிறார்கள் என்பது உண்மை. விதிகளும் சிலசமயம் வேடிக்கை காட்டும். கறுப்புப் பட்டைச் சிறுகெண்டைகளுக்கு 2012-இல் திராவிடியா என்று பேரினப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் ஈக்கு வைக்கப்பட்டிருந்தது. விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் ஒருமுறைக்கு மேல் செல்லாது. ஆகவே 2013-இல் ஹாலுதாரியா என்று மாற்றினார்கள்; ஹாமில்டனுக்குப் படம் வரைந்துகொடுத்த ஹாலுதார் என்ற வங்காளச் சிறுவனின் நினைவாக. நாம் ஒரு பெயரை இழந்தோம், அவனுக்கு இருநூறு ஆண்டு தாமதமாக ஒரு மரியாதை கிடைத்தது. எனக்கு இதில் வருத்தமில்லை. ஆனால் தவறான பெயரின் நிலைத்தன்மைக்கு விலை உண்டு. காவிரியின் திமில் மஹசீரைத் தூண்டிற்காரர்கள் நூறாண்டுக்கு மேல் அறிந்திருந்தார்கள். அது எந்தச் சிற்றினம் என்பது மட்டும் தீர்க்கப்படாமலேயே இருந்தது. அது டோர் ரெமாதேவி என்று 2018-இல் உறுதிப்பட்ட பிறகே, மிகக் கடும் ஆபத்தில் உள்ள இனமாக அதே ஆண்டில் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏற முடிந்தது. டெனிசனின் கதையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வண்ணமீன் சந்தைக்காக ஆற்றிலிருந்து அள்ளப்பட்டு அழிவின் விளிம்பை நெருங்கிய அதன் கூட்டங்களை 2013-இல் ஆராய்ந்தபோது, வெவ்வேறு ஆறுகளில் உள்ளவை மரபில் நீண்டகாலமாகப் பிரிந்தவை என்று தெரிந்தது. எல்லாம் ஒரே மீன் என்று ஓர் ஆற்றுக் குஞ்சை இன்னோர் ஆற்றில் விட்டால் அது பாதுகாப்பாகாது.

மூன்றாவது வாதத்தை நான் அதிகம் மதிக்கிறேன். ஒன்றிரண்டு மரபணுக்களை வைத்து வரைந்த கிளைமரம், வேறு மரபணுக்களைச் சேர்த்தால் மாறலாம். அதற்குள் ஏன் பெயரை மாற்ற வேண்டும்? ஆப்பிரிக்கச் சிறுகெண்டைகள் விஷயத்தில் இது அச்சிலேயே விவாதமாயிற்று. 2015-இல் ஒரு குழு அவற்றை என்டெரோமியஸ் என்ற பேரினத்தில் சேர்க்க, மற்றொரு குழு அதே ஆண்டில் மறுத்தது. உறுதியற்ற கிளைமரத்தின்மேல் பெயர்மாற்றம் கட்டக் கூடாது, ஐயம் தீரும்வரை மேற்கோள் குறிக்குள் "பார்பஸ்" என்றே எழுதலாம் என்பது அவர்கள் நிலை. எச்சரிக்கை சரி, தீர்வு சரியில்லை. மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர் ஒரு பொய்யை நாகரிகமாகச் சொல்வது மட்டுமே. ஆப்பிரிக்க மீன் பார்பஸ் அல்ல என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. தெற்காசியாவில் நிலைமை அதைவிட மேல், ஏனென்றால் அங்கே மரபணுச் சான்றோடு எலும்புச் சான்றும் கைகோத்து வருகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நானும் பொறுத்திருக்கவே சொல்வேன்.

அந்தப் பொறுமை தேவைப்பட்ட இடங்களும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. இலங்கையின் செர்ரி நிறச் சிறுகெண்டையான திட்டெயாவை, தெரனியகல 1929-இல் பெயரிட்டதை, 2012 ஆய்வு பன்டியஸிலேயே விட்டது. பிளேக்கர் 1863-இல் விவரித்த பைமாகுலேட்டஸும் அப்படியே. வழுவழுப்பான முதுகுக் கதிர், மெல்லிய கன்னத் தகடு என்று பன்டியஸோடு பொருந்துவதாகவே அவை தெரிந்தன. 2020-இல் மகாராஷ்டிரத்து ஓடைகளின் சஹ்யாத்ரியென்சிஸ் பன்டியஸிலிருந்து வெளியேறி வைகோமியா ஆயிற்று. 2023-இல் திட்டெயா ரோஹனெல்லா ஆயிற்று, பைமாகுலேட்டஸ் பிளீசியோபன்டியஸ் ஆயிற்று. 2012-இல் பிரித்தவற்றில் பெத்தியா, டாக்கின்சியா, சிஸ்டோமஸ் மூன்றும் இந்த மாற்றங்களைக் கொண்டுவந்த மரபணு ஆய்வுகளுக்குப் பிறகும் நிலைத்தன. உடைந்தது, பிரித்தது போக எஞ்சியவற்றைப் போட்டுவைத்த பன்டியஸ்தான். காரணம் தெளிவு. பெத்தியாவைச் சேர்த்தவை அது புதிதாகப் பெற்ற அடையாளங்கள், அகன்ற தகடு போன்றவை. பன்டியஸைச் சேர்த்தவை பெரும்பாலும் இல்லாமைகள்: அரம் இல்லை, மூக்கு மீசை இல்லை, தகடு அகலவில்லை. இல்லாமைகளால் கட்டிய தொகுதி மீசையால் கட்டிய தொகுதியைப் போலவே சரியும். அடுத்து எங்கே கத்தி விழும் என்று கேட்டால், பன்டியஸில் மீதமிருப்பவற்றில்தான் என்பேன். அதற்குக் கங்கைச் சமவெளியில் ஹாமில்டன் பார்த்த ஊர்களிலேயே மறுபடி மீன் பிடித்து, அவர் வைக்கத் தவறிய மாதிரிகளை இப்போதாவது புட்டியில் போட வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவோடு நிற்காமல் உட்கரு மரபணுக்களையும் படிக்க வேண்டும். அப்படிப் படித்தபின் அரமும் அகன்ற தகடும் உள்ள மீன்கள் இரண்டு தனிக் கிளைகளில் போய் விழுந்தால், பெத்தியா என்ற பெயரும் பிளவுபட வேண்டியதுதான். அன்றைக்கு அதை எதிர்த்து வாதாட என்னிடம் எதுவும் இருக்காது.